51 வாக்குகளில் மருத்துவக் காப்பீடு: அமெரிக்க செனட்டின் பட்ஜெட் வழி

அமெரிக்க செனட்டில் 100 உறுப்பினர்கள். மசோதா நிறைவேறப் பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தால் போதும். ஆனால் அந்த வாக்கெடுப்புக்குப் போய்ச் சேருவதுதான் பாடு. விவாதத்தை முடித்துக்கொள்ளலாம் என்று 60 பேர் சொல்லும்வரை எதிர்ப்பவர்கள் அதை இழுத்தடிக்கலாம். ஃபிலிபஸ்டர் என்கிற இந்தத் தடையைத் தாண்ட 60 இடங்கள் ஒரே கட்சிக்குக் கிடைப்பது அபூர்வம். 2009இல் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது. அதுவும் சில மாதங்களுக்கு மேல் நிலைக்கவில்லை.

இந்தத் தடையைச் சுற்றிப் போக ஒரு வழி இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் காங்கிரஸ் பட்ஜெட் சட்டம் உருவாக்கிய அதன் பெயர் ரீகன்சிலியேஷன். பற்றாக்குறையைச் சரிசெய்யும் மசோதாக்கள் இழுத்தடிப்பில் சிக்கக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. 1980இல் முதன்முதலாகப் பயன்பட்டது. அதன் பிறகு அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டில் நடந்த பெரிய மாற்றங்கள் பலவும் முழுதாகவோ பாதியாகவோ இந்த வழியாகத்தான் வந்திருக்கின்றன. வேலை இழந்தவரின் காப்பீட்டுத் தொடர்ச்சி, 1997இல் வந்த குழந்தைகள் காப்பீட்டுத் திட்டம், 2010இன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரின் இரண்டாம் பாதி, மருந்து நிறுவனங்களோடு அரசு நடத்தும் 2022இன் மருந்து விலைப் பேரம், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டில் 2025இல் விழுந்த வெட்டு எல்லாம் இதில் சேரும்.

இந்த வழியாகப் போகும் சட்டம் போகிற போக்கிலேயே உருமாறிவிடும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பணமாக எழுத முடிந்தது பிழைக்கிறது. விதியாக மட்டுமே எழுத முடிவது உதிர்ந்துவிடுகிறது. அமெரிக்கக் காப்பீட்டுச் சட்டம் ஏன் இவ்வளவு ஒட்டுப்போட்டதாக இருக்கிறது என்ற கேள்விக்கான விடையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

தீர்மானம், உத்தரவு, கெடு

முதலில் செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு சபைகளும் ஒரே வாசகத்தில் பட்ஜெட் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இது சட்டமல்ல, ஜனாதிபதியின் கையெழுத்து தேவையில்லை. செனட்டில் இதன் மீதான விவாதத்துக்கு 50 மணி நேர உச்சவரம்பு உண்டு. ஆகவே இதையும் இழுத்தடிக்க முடியாது. இந்தத் தீர்மானத்துக்குள்தான் கமிட்டிகளுக்கான உத்தரவு இருக்கும்: இன்ன கமிட்டி, இத்தனை ஆண்டுகளில், பற்றாக்குறையை இவ்வளவு குறைக்க வேண்டும் அல்லது இவ்வளவுக்கு மேல் கூட்டக் கூடாது, இந்தத் தேதிக்குள். எந்தத் திட்டத்தை எப்படி மாற்றுவது என்பது உத்தரவில் இருக்காது. தொகை மட்டுமே கட்டுப்படுத்தும்.

2009 ஏப்ரல் தீர்மானத்தில், செனட்டின் நிதிக் கமிட்டியும் சுகாதாரம், கல்வி, தொழிலாளர் நலக் கமிட்டியும் தலா 100 கோடி டாலர் பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும் என்று இருந்தது. கெடு அக்டோபர் 15. ஒரு பெரும் சீர்திருத்தத்துக்கு 100 கோடி என்பது அற்பத் தொகை. வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். உத்தரவு சிறியதாக இருந்தால் அதை நிறைவேற்றுவது எளிது; நிறைவேற்றிய பிறகு மிச்ச இடத்தில் எதை வைப்பது என்பதில் கை விரிந்திருக்கும்.

எந்தக் கமிட்டிக்கு உத்தரவு போகிறது என்பதும் முக்கியம். செனட்டில் முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், மெடிகெய்ட், வரி மூன்றும் நிதிக் கமிட்டியின் கையில். தனியார் காப்பீட்டு நிறுவனங்களுக்கான விதிகள் பெரும்பாலும் சுகாதாரக் கமிட்டியின் எல்லையில் வரும். உத்தரவு பெறாத கமிட்டியின் எல்லைக்குள் கை வைத்தால், அந்தப் பகுதி மட்டும் விழுவதோடு முடியாமல் போகலாம். மசோதா முழுவதும் இழுத்தடிப்பிலிருந்து தப்பும் சலுகையை இழக்கும் ஆபத்து உண்டு.

கமிட்டிகள் எழுதிக் கொடுப்பதை பட்ஜெட் கமிட்டி சாரத்தை மாற்றாமல் ஒன்றாகக் கட்டி அனுப்பும். செனட்டில் விவாதம் 20 மணி நேரம். அது தீர்ந்த பிறகும் திருத்தங்களைக் கொண்டுவரத் தடையில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, விடிய விடிய வாக்கெடுப்பு நடக்கும். எதிர்க்கட்சி இங்கே கொண்டுவரும் திருத்தங்களில் பல, எதிர்த்து வாக்களித்தால் தேர்தலில் சங்கடம் தருபவையாக இருக்கும். அவற்றில் ஒன்று ஏற்கப்பட்டாலும் மசோதா மீண்டும் பிரதிநிதிகள் சபைக்குப் போக வேண்டும்.

ஒரு தீர்மானத்திலிருந்து நடைமுறையில் பெரும்பாலும் ஒரே மசோதாதான் வரும். உத்தரவுக்கு ஆயுளும் உண்டு. 2017இல் ஒபாமாகேரை நீக்கக் குடியரசுக் கட்சி பயன்படுத்திய தீர்மானம், நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30 உடன் காலாவதியாகும் என்று செனட்டின் விதிமுறை ஆலோசகர் சொல்லிவிட்டார். அதோடு அந்த ஆண்டின் முயற்சி முடிந்தது.

பர்ட் விதி

மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பர்ட், பட்ஜெட் மசோதாவில் எதை வேண்டுமானாலும் திணிக்கும் பழக்கத்தைக் கண்டு 1985இல் ஒரு தடுப்பைக் கொண்டுவந்தார். 1990இல் அது நிரந்தரமானது. மசோதாவின் ஒவ்வொரு வரியையும் ஆறு கேள்விகள் கேட்கும் விதி அது. அந்த வரியால் அரசின் செலவோ வருவாயோ மாறுகிறதா? கமிட்டி தனக்கு இட்ட தொகையை எட்டாத நிலையில் பற்றாக்குறையை மேலும் கூட்டுகிறதா? அந்தக் கமிட்டியின் எல்லைக்கு வெளியே போகிறதா? பணத்தில் நேரும் மாற்றம், கொள்கை மாற்றத்தின் தற்செயல் விளைவு மட்டும்தானா? பட்ஜெட் கணக்கிடும் ஆண்டுகளுக்கு (வழக்கமாகப் பத்து) அப்பால் பற்றாக்குறையைக் கூட்டுகிறதா? சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தைத் தொடுகிறதா?

ஒன்றில் தவறினாலும் எந்த உறுப்பினரும் எழுந்து ஆட்சேபிக்கலாம். ஆட்சேபத்தை மீறி அந்த வரியை வைத்துக்கொள்ள 60 வாக்கு வேண்டும். தப்பிக்க வந்த அதே 60. ஆட்சேபம் ஏற்கப்பட்டால் அந்த வரி மட்டும் வெட்டப்படும், மீதி நகரும். விதி தானாக இயங்காது. யாராவது எழுப்பினால்தான் உண்டு.

நடைமுறையில் இந்தச் சண்டை அவைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிகிறது. இரு கட்சிகளின் ஊழியர்களும் விதிமுறை ஆலோசகர் முன் உட்கார்ந்து பகுதி பகுதியாக வாதாடுவார்கள். மசோதாக்களின் செலவைக் கணக்கிடும் காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு கையில் இல்லாமல் அந்த வாதத்துக்கே போக முடியாது. மதிப்பீடு பூஜ்யம் என்றால் முதல் கேள்வியிலேயே கதை முடிந்தது.

ஆனால் பெரிய எண் இருந்தாலும் போதாது என்பதுதான் நான்காவது கேள்வியின் கொடுமை. 2021இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கும் பகுதி, பத்து ஆண்டுகளில் பற்றாக்குறையை 5,400 கோடி டாலர் கூட்டும் என்று பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டது. ஆதரவாளர்கள் அதையே சாதகமாக எடுத்துக்கொண்டு, பணத்தில் மாற்றம் இருக்கிறதே என்று வாதாடினார்கள். விதிமுறை ஆலோசகர் எலிசபெத் மெக்டோனோ ஏற்கவில்லை. தனியார் முதலாளி தன் தொழிலாளிக்குத் தரும் கூலியை மாற்றுவதே அதன் நோக்கம், அரசின் கணக்கில் வருவது அதன் நிழல் என்ற தர்க்கம் வென்றது. தனியார் காப்பீட்டு நிறுவனத்துக்கு விதி போடும் எந்தப் பகுதிக்கும் இதே தர்க்கம் பொருந்தும்.

2010 மார்ச்

ஒபாமாகேர் ரீகன்சிலியேஷன் வழியாக நிறைவேறியது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது பாதி சரி. முதல் சட்டம் 2009 டிசம்பர் 24 அன்று 60க்கு 39 என்ற கணக்கில் வழக்கமான பாதையிலேயே செனட்டைத் தாண்டியது. ஏற்கெனவே நோய் இருப்பவருக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது, நோயைக் காரணம் காட்டிக் கூடுதல் பிரீமியம் கேட்கக் கூடாது போன்ற அடிப்படை விதிகள் எல்லாம் அதில்தான் இருந்தன. 60 பேரில் ஒருவரைக்கூட இழக்க முடியாது என்ற நிலையில், ஜோ லீபர்மன் எதிர்த்ததால் அரசு நடத்தும் பொதுக் காப்பீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. நெப்ராஸ்காவின் பென் நெல்சன் வாக்குக்காக அந்த மாநிலத்தின் மெடிகெய்ட் விரிவாக்கச் செலவை மட்டும் மத்திய அரசே நிரந்தரமாக ஏற்கும் என்ற சலுகை நுழைந்தது.

பிரதிநிதிகள் சபையின் மசோதா வேறு மாதிரி இருந்தது. இரண்டையும் இணைத்து மறுபடி செனட்டுக்குக் கொண்டுவருவதுதான் திட்டம். 2010 ஜனவரி 19 அன்று, எட்வர்ட் கென்னடி இறந்து காலியான மாசசூசெட்ஸ் இடத்தில் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் வென்றார். 60 என்பது 59 ஆனது.

எஞ்சிய வழி ஒன்றுதான். பிரதிநிதிகள் சபை செனட்டின் மசோதாவை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே ஏற்க வேண்டும்; பிடிக்காதவற்றைத் திருத்த ரீகன்சிலியேஷன் வழியாக இன்னொரு மசோதா வர வேண்டும். இதில் வரிசை முக்கியம். முதல் மசோதா ஜனாதிபதி கையெழுத்திட்டுச் சட்டமான பிறகுதான் அதைத் திருத்தும் இரண்டாவதை செனட் எடுத்துக்கொள்ள முடியும் என்று அப்போதைய ஆலோசகர் தரப்பு தெளிவுபடுத்தியது. அதாவது பிரதிநிதிகள் சபையினர், தங்களுக்குப் பிடிக்காத சட்டத்தை முதலில் நிறைவேற்றிவிட்டு, செனட் பின்னால் திருத்தும் என்று நம்ப வேண்டும். வாக்கெடுப்பு வந்த வார இறுதியில் நடந்த பேரம் முழுக்க இந்த நம்பிக்கையைப் பற்றியதே.

மார்ச் 21 அன்று முதல் மசோதா 219க்கு 212, திருத்த மசோதா 220க்கு 211. மார்ச் 23 அன்று ஒபாமா முதலாவதில் கையெழுத்திட்டார். மார்ச் 25 அன்று செனட் 56க்கு 43 என்று திருத்த மசோதாவை ஏற்றது. ஆனால் கல்வி உதவித்தொகை தொடர்பான இரண்டு சிறு பகுதிகள் பர்ட் விதியில் வெட்டுப்பட்டதால், மசோதா அதே இரவு பிரதிநிதிகள் சபைக்குத் திரும்பி மறு வாக்கெடுப்பைச் சந்தித்தது. மார்ச் 30 அன்று சட்டமானது.

மருத்துவ மசோதாவில் கல்வி எப்படி வந்தது? சுகாதாரம், கல்வி, தொழிலாளர் நலக் கமிட்டிக்கும் 100 கோடி டாலர் மிச்சம் காட்டும் கடமை இருந்தது. காப்பீட்டு விதிகளில் மிச்சம் ஏதும் வராது. அரசு உத்தரவாதத்தில் வங்கிகள் மாணவர் கடன் கொடுப்பதை நிறுத்தி, அரசே நேரடியாகக் கடன் கொடுத்தால் பெரும் மிச்சம் வரும். கமிட்டியின் கணக்கு அப்படித்தான் நேரானது.

இந்த இரண்டாவது சட்டம் சாதித்தவை எல்லாம் எண்கள். நெப்ராஸ்கா சலுகை போய், மெடிகெய்ட் விரிவாக்கச் செலவை 2014 முதல் 2016 வரை எல்லா மாநிலங்களுக்கும் முழுதாக மத்திய அரசு ஏற்கும், 2020க்குள் அது 90 சதவீதமாகக் குறையும் என்று ஆனது. பிரீமிய மானியம் கூடியது. மெடிகேர் மருந்துக் காப்பீட்டில் முதியவர்கள் முழு விலையும் கொடுக்க வேண்டியிருந்த இடைவெளி 2020க்குள் மூடப்படும் என்று ஆனது. விலை உயர்ந்த காப்பீடுகள் மீதான வரி 2018க்குத் தள்ளிப்போனது. வசதியானவர்களின் முதலீட்டு வருமானத்தில் 3.8 சதவீத வரி வந்தது. காப்பீடு எடுக்காதவருக்கான அபராதம் மாறியது.

சாதிக்க முடியாததும் உண்டு. கருக்கலைப்புக்கு மத்திய நிதி பயன்படுவது குறித்த வாசகத்தை மாற்ற வேண்டும் என்று பிரதிநிதிகள் சபையின் சில ஜனநாயகக் கட்சியினர் பிடிவாதமாக நின்றார்கள். பணமில்லாத அந்த மாற்றத்தைப் பட்ஜெட் மசோதாவில் வைக்க வழியில்லை. அதனால் ஜனாதிபதியின் நிர்வாக ஆணையாக அது வந்தது. அதேசமயம், வாழ்நாள் உச்சவரம்பு வைக்கத் தடை, 26 வயது வரை பிள்ளைகளுக்குக் காப்பீடு போன்ற விதிகளைப் பழைய காப்பீடுகளுக்கும் நீட்டிக்கும் பகுதி ஒன்று, விதியாகவே, அந்த இரண்டாவது சட்டத்தில் இருக்கிறது. கோடு எப்போதும் ஒரே இடத்தில் விழுவதில்லை.

விதியைப் பணமாக எழுதுவது

அனுபவமுள்ள சட்ட வரைவாளர்கள் இதற்கு இரண்டு கருவிகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று வரி. மற்றது மெடிகேர், மெடிகெய்ட் பணத்துக்கான நிபந்தனை.

கோப்ரா என்று அறியப்படும் 1985இன் பட்ஜெட் சட்டம் இரண்டையும் காட்டுகிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம், வேலையை விட்டவருக்கு அதே காப்பீட்டை 18 மாதம் வரை அவர் செலவில் தொடர அனுமதிக்க வேண்டும் என்பது பார்த்தால் சுத்தமான தொழிலாளர் விதி. ஆனால் அனுமதிக்காத நிறுவனம் காப்பீட்டுச் செலவுக்கான வரிக் கழிவை இழக்கும் என்று எழுதினார்கள். அதே சட்டத்தில், அவசரப் பிரிவுக்கு வரும் எவரையும் பணம் பார்க்காமல் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்ற கடமை வந்தது. மெடிகேர் பணம் வாங்கும் மருத்துவமனைகளுக்கான கடமையாக அது எழுதப்பட்டது. மெடிகேர் பணம் வாங்காத பொது மருத்துவமனை அமெரிக்காவில் அரிது என்பதால், அது நடைமுறையில் எல்லோருக்குமான விதியானது.

2022இல் மருந்து விலைப் பேரத்தை நிறைவேற்றியபோதும் இதே உத்திதான். பேரத்துக்கு வராத மருந்து நிறுவனத்துக்கு அந்த மருந்தின் விற்பனை மீது 95 சதவீதம் வரை ஏறும் கலால் வரி. ஆனால் அதே மசோதாவில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பு, மெடிகேர் பயனாளிகளுக்கு மட்டும் பிழைத்தது. தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கும் அதை நீட்டிக்கும் பகுதி ஆட்சேபத்துக்கு உள்ளானது. காப்பாற்ற 57 வாக்குகள்தான் கிடைத்தன. ஒரே மருந்து, ஒரே நோய். 65 வயதானவருக்கு ஒரு விலை, அவர் மகளுக்கு வேறு விலை. இது மருத்துவத்தில் எந்த நியாயமும் இல்லாத வேறுபாடு, செனட்டின் நடைமுறை உண்டாக்கியது.

எதிர்த்திசையிலும் இதே வெட்டுதான். 2017 ஜூலையில் குடியரசுக் கட்சியின் நீக்க மசோதாவில், காப்பீடு விட்டுப்போனவர் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற பகுதிக்கு 60 வாக்கு வேண்டும் என்றார் ஆலோசகர். மசோதாவின் சுருக்கப்பட்ட வடிவமும் பின்னர் 49க்கு 51 என்று தோற்றது. அதே டிசம்பரில் வந்த வரிச் சட்டத்தில் காப்பீடு எடுக்காததற்கான அபராதத்தை பூஜ்யமாக்கினார்கள். அபராதம் வரி, அதனால் தொடலாம். காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டளை வாசகத்தைத் தொட முடியாது, அதனால் அது தண்டனையில்லாத கட்டளையாகச் சட்டத்தில் நின்றது. இந்த விசித்திர நிலையை வைத்தே சட்டம் முழுவதையும் ரத்து செய்யக் கோரி டெக்சாஸ் முதலான மாநிலங்கள் வழக்குப் போட்டன. 2021இல் உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடரும் தகுதி அவர்களுக்கு இல்லை என்று 7க்கு 2 என்ற கணக்கில் தள்ளும்வரை கோடிக்கணக்கானோரின் காப்பீடு அந்தரத்தில் தொங்கியது.

பொதுக் காப்பீட்டுத் திட்டம் இதில் நுழையுமா?

அரசே நடத்தும் காப்பீட்டைச் சந்தையில் தனியாரோடு போட்டியிட விடுவதுதான் இந்தத் திட்டம். 2010 பிப்ரவரியில் செனட்டர் மைக்கேல் பென்னட் முன்னின்று, இதை ரீகன்சிலியேஷனில் சேர்க்கும்படி தலைமைக்குக் கடிதம் அனுப்பினார், பலர் கையெழுத்திட்டார்கள். தலைமை சேர்க்கவில்லை. திருத்தமாகக் கொண்டுவரவும் ஊக்கம் தரவில்லை. சாரமான ஒரு திருத்தம் ஏற்கப்பட்டால், சில வாக்கு வித்தியாசத்தில் தப்பிய மசோதா மீண்டும் பிரதிநிதிகள் சபையில் சோதனைக்கு உட்படும் என்ற அச்சம்.

நடைமுறைத் தடை அவ்வளவு பெரியதா என்றால், திட்டத்தின் வடிவத்தைப் பொறுத்தது. மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மெடிகேர் கட்டணத்தோடு 5 சதவீதம் கூட்டிக் கொடுக்கும் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் கட்டணம் தனியார் நிறுவனங்கள் கொடுப்பதைவிடக் குறைவு. ஆகவே பிரீமியம் குறையும். மத்திய மானியம் சந்தையில் மலிவான திட்டங்களின் விலையை வைத்தே கணக்கிடப்படுவதால், அரசின் மானியச் செலவு இறங்கும். இந்த வடிவத்துக்கு 2010 ஜூலையில் பட்ஜெட் அலுவலகம் போட்ட மதிப்பீடு, 2020 வரை பற்றாக்குறை பல ஆயிரம் கோடி டாலர் குறையும், பிரீமியம் தனியார் திட்டங்களைவிடச் சராசரியாக 5 முதல் 7 சதவீதம் குறைவாக இருக்கும் என்றது. பர்ட் விதியின் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. மருத்துவர்களைச் சேர்ப்பதையும் மெடிகேரில் இருப்பதற்கான நிபந்தனையோடு கட்டிவிடலாம்.

2009இல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வடிவம் வேறு. கட்டணத்தை ஒவ்வொரு மருத்துவமனையோடும் பேசி முடிவு செய்யும் மிதமான வடிவம் அது. அதன் பிரீமியம் தனியார் திட்டங்களின் சராசரியைவிடச் சற்றுக் கூடவே இருக்கும் என்று அதே அலுவலகம் சொன்னது. மிச்சம் சுருங்கியது. ஆக, மிதவாதிகளின் வாக்கைப் பெறத் திட்டத்தைத் தளர்த்தத் தளர்த்த, பட்ஜெட் வழிக்கு அது பொருந்தாமல் போகிறது. இந்த வழியை நம்பும் எவரும் வலுவான வடிவத்தோடு தொடங்குவதே நடைமுறைக்கும் உகந்தது.

மெடிகேர் வயதை 65இலிருந்து 60 ஆக்குவது போன்றவற்றுக்குச் சிக்கல் வேறு இடத்தில். அது சுத்தமான அரசுச் செலவு, முதல் கேள்வி பிரச்சினையே இல்லை. ஐந்தாவதுதான் உதைக்கும். கணக்கு ஆண்டுகளுக்குப் பிறகும் செலவு தொடரும் என்பதால், தொடரும் வருவாயும் மசோதாவின் அதே பகுதிக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் திட்டத்துக்கு முடிவுத் தேதி போட வேண்டும். இன்னொரு காரணத்துக்காகவும் முடிவுத் தேதி வைக்கிறார்கள்: மொத்தச் செலவைச் சிறிதாகக் காட்ட. 2021இல் கூட்டப்பட்ட பிரீமிய மானியம் முதலில் இரண்டு ஆண்டுக்கு, பிறகு 2025 டிசம்பர் வரை என்று வந்தது அப்படித்தான். அதை நீட்டிப்பது பற்றிய தகராறில் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை மத்திய அரசு முடங்கியது. காப்பீட்டுக்கு முடிவுத் தேதி வைத்தால் அதன் விலை இப்படித்தான் வந்து சேரும்.

கணக்கை யார் போடுவது

விதிமுறை ஆலோசகர் சொல்வது ஆலோசனை. தீர்ப்பு அவைத் தலைவர் இருக்கையில் இருப்பவருடையது. ஆலோசகரின் சொல்லை மீறலாம் என்ற யோசனை ஒவ்வொரு முறையும் எழுகிறது; பெரும்பாலும் கட்சிக்குள்ளேயே அதற்கு 50 பேர் கிடைப்பதில்லை.

ஆனால் 2025இல் வேறு ஒரு கதவு திறந்தது. 2017இன் வரிக் குறைப்புகளில் காலாவதியாகவிருந்தவற்றை நிரந்தரமாக்கினால் பத்து ஆண்டுகளில் சுமார் 3.8 லட்சம் கோடி டாலர் செலவு என்பது அதிகாரபூர்வ மதிப்பீடு. பட்ஜெட் சட்டத்தின் 312ஆம் பிரிவு, மதிப்பீட்டை ஏற்கும் பொறுப்பைப் பட்ஜெட் கமிட்டிக்குக் கொடுக்கிறது. கமிட்டித் தலைவர் லிண்ட்சே கிரஹாம் அதைப் பிடித்துக்கொண்டு, இன்று இருக்கும் வரி விகிதமே தொடர்கிறது, ஆகவே கூடுதல் செலவு இல்லை என்று கணக்கை மாற்றினார். மசோதா துணை ஜனாதிபதியின் வாக்கோடு 51க்கு 50 என்று ஜூலை 1 அன்று நிறைவேறியது. மாதம் 80 மணி நேர வேலை நிபந்தனை உட்பட மெடிகெய்ட் மாற்றங்களும் அதே மசோதாவில். 2034க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்ட சட்டம் இது.

அந்தக் கணக்கு முன்னுதாரணமாக நின்றால் ஐந்தாவது கேள்வியின் பல் பெரிதும் மழுங்கிவிடும். இனி வரும் ஒரு பெரும்பான்மை, சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று ஒரு காப்பீட்டு மானியத்தையோ மெடிகேர் வயதுக் குறைப்பையோ கொண்டுவந்து, அது நடைமுறையில் இருக்கும்போதே அடுத்த மசோதாவில் "இருப்பதே தொடர்கிறது" என்று பூஜ்யச் செலவில் நிரந்தரமாக்கலாம். ஆனால் முதல் மசோதாவின் முழுச் செலவையும் யாராவது சுமக்க வேண்டும், இரண்டு மசோதாக்களுக்கும் 50 பேர் கூடவே நிற்க வேண்டும். தனியார் காப்பீட்டு விதிகள் எப்படியும் இதற்குள் வரா. அவற்றுக்கு இன்றும் 60தான்.